ஒதுங்க இடமில்லாத வேலையும் குறைமாசப் பிரசவமும்

கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும் பெண்ணிடம் நான் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் தாய் சேய் நல அட்டையில் கட்டம் கிடையாது. கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி, உயரம், எடை, முந்தைய பிரசவங்கள், பிரஷர், சர்க்கரை, ரத்த அளவு எல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை மூடிய பிறகு கேட்பேன். "வேலை பாக்குற எடத்துல ஒண்ணுக்குப் போக வசதி இருக்கா?"

சின்னப் பெண்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். கூட வந்த மாமியார் வேறு பக்கம் பார்ப்பார். பதில் பெரும்பாலும் ஒன்றேதான். "அங்க எங்கக்கா இருக்கு? காலைல வீட்ல போறதுதான். அப்புறம் வேலை முடிஞ்சு வந்துதான்."

நான் தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். என் பகுதியில் நிறையக் குடும்பங்களுக்கு உப்பளம்தான் சோறு போடுகிறது. உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே மறைவு என்பதே கிடையாது. கண்ணுக்கு எட்டும் வரை தட்டையான பாத்திகள், நடுவே நடப்பதற்கு வரப்பு, அங்கங்கே வாரிக் குவித்த உப்பு. ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடியற்காலை 3 மணிக்கும் 4 மணிக்கும் டார்ச் விளக்கோடு இறங்குகிறார்கள். அந்த இருட்டு இருக்கும்வரை கொஞ்சம் சௌகரியம். வெளிச்சம் வந்துவிட்டால் ஆண்கள் திரும்பி நின்றுகொள்வார்கள், பெண்கள் அடக்கிக்கொள்வார்கள். அடக்க வேண்டிவருமே என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். கால் உப்புநீரில், தலை வெயிலில், வயிற்றில் பிள்ளை, தொண்டை வறண்டு கிடக்கும்.

குறைமாசப் பிரசவத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதிலிருந்துதான் எனக்குத் தொடங்க வருகிறது. 37 வாரம் முடிவதற்குள் பிறக்கும் குழந்தையைக் குறைமாசக் குழந்தை என்கிறோம். 2020ம் ஆண்டில் உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் ஏறக்குறைய 30 லட்சம் நம் நாட்டில். இதற்கான காரணங்களைப் பாடப் புத்தகத்தில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். முந்தைய குறைப்பிரசவம், இரட்டைக் குழந்தை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, ரத்தசோகை, தொற்று, புகையிலை என்று போகும். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வரிசையில் 'தொற்று' என்று ஒரு சொல்லில் முடிந்துபோவதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் காலை 4 மணியும் பகல் 11 மணியும் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் அவள் அதே நீர்க்கடுப்போடு வருவாள்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் கர்ப்பப்பையைச் சுருங்கவிடாமல் தளர்வாக வைத்திருக்கிறது. அதே ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்களையும் தளர்த்திவிடும். போகப் போகப் பெரிதாகும் கர்ப்பப்பை அந்தக் குழாய்களை, முக்கியமாக வலது பக்கத்துக் குழாயை, அழுத்தும். சிறுநீர் சீராக இறங்காமல் தேங்கும். தேங்கினால் கிருமி பெருகும். பெரும்பாலும் ஈ கோலை. வேறு எங்கிருந்தோ வருவதில்லை, நம் குடலில் இருப்பதுதான். இதோடு தண்ணீர் குடிக்காமல், மணிக்கணக்கில் அடக்கியும் வைத்தால் கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

எரிச்சலும் கடுப்புமாகத் தெரிந்துவிட்டால் கூடப் பரவாயில்லை. ஒரு தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேர் வரை இப்படி இருக்கிறார்கள். சாதாரணமாக, கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு இப்படி இருந்தால் மருந்தே தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். கர்ப்பிணிக்கு அப்படி விடக் கூடாது, ஏனென்றால் அது மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். அமெரிக்காவில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் இதைத்தான் கண்டு சொன்னார். தொந்தரவே சொல்லாத கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, கிருமி இருந்தவர்களில் சிறுநீரகக் காய்ச்சலும் குறைமாசப் பிரசவமும் அதிகம் என்று காட்டினார். ஒரு மில்லி சிறுநீரில் 1 லட்சம் கிருமி என்று இன்றும் லேப் ரிப்போர்ட்டில் பார்க்கிறோமே, அந்த அளவு அவர் ஆய்விலிருந்து வந்ததுதான்.

கிருமி சிறுநீர்ப் பையில், பிள்ளை கர்ப்பப்பையில். பிறகு எப்படி வலி வருகிறது என்று என்னிடம் ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. உடம்பு கிருமியோடு போராடும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அதிகமாகச் சுரக்கும். பிரசவ நேரத்தில் கர்ப்பப்பை வாயை இளக்கிச் சுருக்கங்களைத் தூண்டுவதும் இதே பொருள்தான். நாள் தள்ளிப் போனவர்களுக்கு வலி வரவைக்க ஆஸ்பத்திரியில் ஜெல் வைப்பார்கள், அதில் இருப்பதும் இதுவேதான். 40 வாரத்தில் வேண்டியது 30 வாரத்தில் கிளம்பிவிட்டால் கர்ப்பப்பைக்கு நாள் கணக்கா தெரியும்?

இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தது நினைவில் இருக்கிறது. 31வது வாரம். அவளைப் பார்க்க நான் போகவில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசிக்காகப் போயிருந்தேன். திண்ணையில் சுருண்டு படுத்திருந்தாள். போர்வையை மீறிக் கால் நீட்டியிருந்தது. இரண்டு கால் பெருவிரல் நகத்திலும் சுண்ணாம்பு காய்ந்து, ஓரத்தில் வெடித்து ஒட்டியிருந்தது.

"எத்தன நாளா நீர்க்கடுப்பு?" என்றேன்.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "ஒரு வாரமா இருக்குக்கா. அத்தை சுண்ணாம்பு தடவிவிட்டாங்க. நேத்து கொஞ்சம் தேவலாம்னு வேலைக்குப் போயிட்டேன்."

"குளிருதா?"

"வெடவெடன்னு வருதுக்கா."

முதுகில், விலா எலும்புக்குக் கீழே வலது பக்கம் விரலால் லேசாகத் தட்டினேன். சுள்ளென்று துள்ளினாள். உடம்பு கொதித்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கைக்கு அடியிலேயே வயிறு இறுகி, விட்டு, மறுபடி இறுகியது. அவள் அத்தை அடுக்களையிலிருந்து வந்து, "சூட்டு வலிதான் நர்சம்மா, சீரகத்தண்ணி வச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். அந்த அம்மா கெட்டவர் இல்லை. மருமகளைத் தாங்கித் தாங்கிப் பார்ப்பவர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். 108க்குப் போன் போட்டேன். அவளுக்கு மருத்துவமனையில் காய்ச்சலுக்கு ஊசி ஏற்றி, பிள்ளையின் நுரையீரலுக்கான ஊசியும் தொடங்கினார்கள். அந்த ஊசி நான்கும் போட்டு முடிவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. ஒன்றரைக் கிலோகூட இல்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவில் நெடுநாள் இருந்து, தாயின் நெஞ்சோடு கட்டிவைத்தே எடை ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது பால்வாடிக்குப் போகிறான்.

அவள் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. அது வந்திருக்கவே வேண்டாம்.

அளத்தில் மேற்பார்வை பார்க்கிற ஒருவரிடம் போய்க் கேட்டேன். பெண்களுக்கு ஒரு கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், வெயில் ஒதுங்க ஒரு கொட்டகை. "பொம்பளைங்க யாருமே கேக்கலையே சிஸ்டர்" என்றார். எப்படிக் கேட்பார்கள்? தினக் கூலிக்கு வரும் பெண் ஆண் மேற்பார்வையாளரிடம் போய், "எனக்கு ஒண்ணுக்குப் போக இடம் வேணும்" என்று எப்படிச் சொல்லுவாள்? அவள் உண்டாகியிருப்பதையே சில பேர் ஐந்து மாதம் வரை சொல்வதில்லை, வேலை போய்விடும் என்று பயம். என் பகுதியில் ஒரே ஒரு அளத்தில் நாலு பக்கமும் தகரம் அடித்துக் கழிப்பறை வைத்தார்கள். அங்கே போகும் பெண்கள் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. போவதற்கு இடம் வந்தது, குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வெயிலையும் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. வயல், செங்கல் சூளை, உப்பளம் எல்லாம் இதில் வரும். வெப்பம் கூடினால் உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பித் தன்னைக் குளிர்த்திக்கொள்ளப் பார்க்கும். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும். உடம்பில் நீர் வற்றினாலும் கர்ப்பப்பை இறுகத் தொடங்கும். ஏசி அறையில் உட்கார்ந்து, "கர்ப்பிணிகள் நண்பகல் வெயிலைத் தவிர்க்கவும்" என்று எழுதிவிடலாம். கூலி போனாலும் பரவாயில்லை என்று தவிர்க்க முடிகிறவள் ஏற்கெனவே தவிர்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். முடியாதவளுக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இதற்காகத்தான் இருக்கிறது. வேலைக்குப் போகாமல் கொஞ்ச நாள் வீட்டில் இருந்து சத்தாகச் சாப்பிடட்டும் என்று கொடுக்கும் பணம். சீக்கிரம் பதிவு செய்தால்தான் தவணை சீக்கிரம் வரும். 12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துவதில் இதுவும் ஒரு காரணம்.

சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மாதா மாதம் எங்களிடம் கொடுக்கும் சிறுநீரில் நாங்கள் குச்சியை நனைத்துப் பார்ப்பது முக்கியமாக உப்புச்சத்தும் சர்க்கரையும். உப்புச்சத்து என்று பேச்சில் சொல்வது உண்மையில் புரதம். அது 'இல்லை' என்று வந்துவிட்டால் சிறுநீரில் தொற்று இல்லை என்று அர்த்தமாகாது. கிருமியைக் கண்டுபிடிக்கக் கல்ச்சர் வேண்டும், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, அது லேப் உள்ள மருத்துவமனையில்தான் நடக்கும். முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே, "யூரின் கல்ச்சர் எடுக்கணுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். முன்பு நீர்க்கடுப்பு வந்தவர்கள், சர்க்கரை இருப்பவர்கள், முன்பு குறைமாசமாகப் பெற்றவர்கள் கட்டாயம் கேளுங்கள். மாதிரி பிடிப்பதிலும் பக்குவம் உண்டு. முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கத்தைத் தொடக் கூடாது. கிருமி இருப்பது தெரிந்தால் டாக்டர் கர்ப்பத்துக்கு ஏற்ற ஆன்டிபயாடிக் எழுதுவார். 7 நாள் என்றால் 7 நாளும். மூன்றாம் நாள் கடுப்பு நின்றுவிட்டது என்று மீதியை அலமாரியில் வைப்பது எங்கள் ஊரில் வழக்கம். அந்த மீதியை அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுப்பதும் வழக்கம். இரண்டும் வேண்டாம்.

அப்புறம் சூட்டு வலி.

கடைசி மாதத்தில் பொய் வலி வருவது உண்மை. வரும், போகும், நடந்தால் அடங்கும், படுத்தால் அடங்கும். அதற்குச் சீரகத் தண்ணீர் குடித்தால் ஒரு கெடுதலும் இல்லை. ஏழாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் வரும் வலிக்கு அதே மரியாதை கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விடுகிறதா, ஒரு மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் வருகிறதா, இடுப்பில் பிடித்து முன்பக்கம் இறங்குகிறதா, பிள்ளை கீழே அழுத்துகிற மாதிரி இருக்கிறதா, வெள்ளை தண்ணீராகப் போகிறதா, ரத்தக் கறை படுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கஷாயம் கொதிக்கும் நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அவசரத்துக்குக் காரணம் அந்த நுரையீரல் ஊசி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளுக்கு எதனால் பிரசவம் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்ததால் நாள் ஆவதற்கு வெகு முன்னே பிறந்த ஓர் ஆட்டுக்குட்டி, செத்திருக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் நுரையீரல் விரிந்திருந்தது. அங்கிருந்து பிடித்து, குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியோடு சேர்ந்து கர்ப்பிணிகளிடம் ஆய்வு செய்து 1972ல் வெளியிட்டார். தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நுரையீரலைப் பக்குவப்படுத்துகிறது. நம் நாட்டில் டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு ஊசி. விலை மிகக் குறைவு. 24 வாரத்திலிருந்து 34 வாரம் வரை குறைமாச வலி வந்தால் போட வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டி 2014ல் வந்தது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியை எங்களைப் போன்ற செவிலியர்களே போடலாம் என்றும் அதில் இருக்கிறது. இந்தியா உட்பட 5 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020ல் வெளியான ஆய்வும் இந்த ஊசி பிள்ளைகளின் உயிரைக் காக்கிறது என்றே சொன்னது. ஆனால் முதல் ஊசி போட்டு ஒரு நாளாவது கழிந்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். வலி என்று தெரிந்தும் ராத்திரி முழுக்கச் 'சூடு' என்று கிடந்துவிட்டு விடிந்தபின் வந்தால், அந்த ஒரு நாள் எங்கள் கையில் இல்லை.

"ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது" என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் பாட்டி சொன்னார், பாட்டிக்கு அவர் பாட்டி சொல்லியிருப்பார். இது தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம். 28 வாரத்தைவிட 30 நல்லது, 30ஐவிட 34 எவ்வளவோ நல்லது. இந்தப் பேச்சை நம்பி, எட்டாம் மாதம் பிறந்து நன்றாக அழுகிற பிள்ளையைக்கூட "இது தங்காது" என்று முகம் கொடுத்துப் பார்க்காத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்க்குப் பால் எப்படிச் சுரக்கும், சொல்லுங்கள்.

வளைகாப்பு பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கு வளைகாப்பு பிடிக்கும், கை நிறைய வளையலோடு உட்காரும் பெண்ணைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் ஏழாம் மாதம் வளை அடுக்கி அன்றைக்கே தாய் வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம். பிரஷர் ஏறுவதும் குறைமாச வலி வருவதும் இந்த மாதங்களில்தான். அதே நேரத்தில் அவளை ஆரம்பத்திலிருந்து பார்த்த செவிலியர் மாறுகிறார், டாக்டர் மாறுகிறார், ஊர் மாறுகிறது. அட்டை புருஷன் வீட்டு பீரோவில் இருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட் கொழுந்தனார் வண்டியின் பெட்டியில் இருக்கும். அவளுக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்திருந்தேன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி நம்பர் இருந்தால் தமிழ்நாட்டில் எங்கே போனாலும் பதிவைப் பார்க்கலாம். அந்த நம்பரைப் போனில் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சீர்வரிசைத் தட்டோடு அட்டையும் ரிப்போர்ட்டும் மாத்திரையும் போக வேண்டும். போய் இறங்கிய வாரத்திலேயே அந்த ஊர் நர்ஸைப் பார்த்துவிட வேண்டும்.

பிரஷரைச் சொன்னேன் அல்லவா. எல்லாக் குறைப்பிரசவமும் தானாக வலி வந்து நடப்பதில்லை. 140க்கு 90ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் போய், தலைவலி, கண் மங்கல் என்று வந்துவிட்டால், தாயைக் காப்பாற்ற டாக்டர்களே பிள்ளையை முன்கூட்டி எடுப்பார்கள். முதல் பிரசவத்தில் இப்படி ஆனவர்கள் அடுத்த முறை மூன்று மாதம் முடியும்போதே டாக்டரிடம் போக வேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை 16 வாரத்துக்கு முன் தொடங்கினால் இது திரும்ப வருவது குறையும். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை அல்ல, டாக்டர் சொல்லித்தான்.

சர்க்கரைக்கு நம் மாநிலத்தில் எல்லாக் கர்ப்பிணிக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கிறோம். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. சென்னை டாக்டர் வி. சேஷையா வகுத்துக் கொடுத்த முறை. கிராமத்துப் பெண்ணைப் பட்டினியாக பஸ் ஏற்றி வரச் சொல்லாத முறை என்பதாலேயே எனக்கு அவர்மேல் தனி மரியாதை. 140ஐத் தாண்டினால் சர்க்கரை. கட்டுக்குள் வராவிட்டால் பனிக்குட நீர் அதிகமாகி, கர்ப்பப்பை அளவுக்கு மீறி விரிந்து, நேரத்துக்கு முன்பே வலி வரும். இரட்டைப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்குள் பிறப்பதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான்.

ரத்தசோகை, எடை குறைவு, 20 வயதுக்குள் பிள்ளை, ஒரு பிள்ளை பிறந்து இரண்டு வருஷம் ஆவதற்குள் அடுத்தது உண்டாவது, ஈறில் ரத்தம் வருகிற பல் நோய் எல்லாம் அபாயத்தைக் கூட்டும். புகையிலையும். புகையிலை என்றால் பீடி சிகரெட் என்று நினைக்கிறார்கள், வெற்றிலையோடு அடக்கிக்கொள்ளும் துண்டுப் புகையிலையும் பிள்ளையைப் போய்ச் சேரும். புருஷன் கை நீட்டும் வீட்டிலும் குறைப்பிரசவம் அதிகம். இதற்கும் அட்டையில் கட்டம் இல்லை, ஆனால் கையில் புதிதாக முழுக்கைச் சட்டை ஏன் என்று கேட்கத் தெரிந்த நர்ஸுக்கு அது புரியும்.

கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருந்து, வலியே இல்லாமல் திறந்துகொள்ளும் பெண்களும் உண்டு. ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று அடுத்தடுத்து இழந்தவர்கள் பெரும்பாலும் இவர்கள். "ராசி இல்லாதவ" என்று பேர் வாங்கியிருப்பார்கள். அந்த வாயில் ஒரு தையல் போட்டுக் கட்டிவைத்தால் பிள்ளை நிற்கும் என்று உலகத்துக்குக் காட்டியவர் நம் நாட்டுக்காரர், கோவாவில் பிறந்து பம்பாயில் பணிபுரிந்த டாக்டர் வி.என். ஷிரோட்கர், 1955ல். தாயின் தொடையிலிருந்தே ஒரு நாடா அளவு திசுவை எடுத்துக் கட்டினார். இன்றும் அந்தத் தையலுக்கு அவர் பெயர்தான். இப்போது 18 முதல் 24 வாரத்துக்குள் உள்வழி ஸ்கேனில் வாயின் நீளத்தை அளக்கிறார்கள். 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் புரோஜெஸ்டிரான் மாத்திரை உள்ளே வைக்கச் சொல்வதோ தையல் போடுவதோ டாக்டர் முடிவு செய்வார்.

இத்தனை காரணம் இருக்க, வீட்டில் கேட்பது என்னவோ "பப்பாளி தின்னாளா?" என்றுதான். குறைமாசமாகப் பெற்று, பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போது, வெளியே பெஞ்சில் தையல் வலியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் வந்து கேட்கிறார்கள். குடத்தைத் தூக்கினாயா, தலைக்குக் குளித்தாயா, அன்னாசி சாப்பிட்டாயா? அவளும் உட்கார்ந்து என்றைக்கு எதைத் தூக்கினோம் என்று எண்ணிக்கொண்டிருப்பாள். எத்தனையோ பேருக்கு டாக்டர்களே தேடியும் காரணம் கிடைப்பதில்லை. அவளைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? கேட்க வேண்டியவர்களை, கழிப்பறை கட்டாதவரையும் ஐந்து மாதம் வரை பதிவு செய்ய விடாதவரையும், யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, முன்பு குறைமாசமாகப் பெற்றவர்களுக்கு. அடுத்தது வேண்டும் என்றால் இரண்டு வருஷமாவது இடைவெளி விடுங்கள், அதற்குள் ரத்தத்தையும் எடையையும் ஏற்றிக்கொள்ளலாம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எத்தனையாவது வாரம், வலி முதலில் வந்ததா பனிக்குடம் முதலில் உடைந்ததா, காய்ச்சல் இருந்ததா என்று அதில் இருப்பது டாக்டருக்குத் தேவை. நாள் தள்ளியதும் பதிவு செய்யுங்கள். யூரின் கல்ச்சரையும் கர்ப்பப்பை வாய் ஸ்கேனையும் நீங்களே நினைவுபடுத்திக் கேளுங்கள். முன்பு எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதை அட்டையின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறந்தால், பேனாவை வாங்கி நீங்களே எழுதுங்கள்.